விற்றால் விலை இறங்குமா?

கேள்வி: மல்லாவியில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். விண்ணப்பம் நிரப்புவது, பரீட்சைப் பெறுபேறு எடுத்துக் கொடுப்பது எல்லாம் இணையத்தில்தான். எங்கள் ஒழுங்கைக்குப் பைபர் (கண்ணாடி இழைக் கம்பி இணையம்) இல்லை. சிம் போட்ட ரவுட்டரில்தான் கடை ஓடுகிறது. அரசு பாதிப் பங்கு வைத்திருக்கும் தொலைபேசிக் கொம்பனியான ஸ்ரீலங்கா ரெலிகொமைத் தனியாருக்கு விற்றால் போட்டி வந்து விலை இறங்கும் என்கிறார்கள். இறங்குமா?
– ஒரு வாசகி, மல்லாவி

பதில்: இறங்காது. விற்பது வேறு, போட்டி வருவது வேறு. இதை நாங்கள் ஒருமுறை கண்டுவிட்டோம். 1997இல் ஸ்ரீலங்கா ரெலிகொமின் 35 வீதப் பங்கும் நிர்வாகமும் ஜப்பானின் என்.ரி.ரி. தொலைபேசிக் கொம்பனியின் கையில் கொடுக்கப்பட்டன. வெளிநாட்டு அழைப்புகளுக்கான தனியுரிமை மட்டும் 2002 வரை ரெலிகொமிடமே விடப்பட்டது. முதலாளி மாறியும் வாசல் ஒன்றாகவே இருந்தது. கனடாவுக்கும் லண்டனுக்கும் கதைக்க வவுனியாக் கொமினிகேஷன் கடைகளில் வரிசையில் நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள், மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துக் கதைத்த கதையைச் சொல்வார்கள். 2003இல் மற்றக் கொம்பனிகளுக்கும் வெளிநாட்டு அழைப்பு உரிமம் கொடுத்த பிறகுதான் அந்தக் கட்டணம் சரிந்தது. 2008இல் ஜப்பானியரின் பங்கு மலேசிய முதலீட்டாளரிடம் போனது. அதனால் மல்லாவிக்கு இரண்டாவது கம்பி வந்துவிட்டதா?

உங்களை வாட்டுவது இன்னொன்று. கட்டணப் பட்டியல் கொழும்புக்கும் மல்லாவிக்கும் ஒன்றுதான். கொழும்பில் உள்ளவர் அந்தப் பட்டியலில் எதையும் எடுக்கலாம். பைபர் இல்லாத ஒழுங்கையில் இருக்கிறவருக்கு அதில் பாதி வெறும் எழுத்து. மிஞ்சுவது மொபைல் டேட்டா. அதில் ஒரு ஜிபிக்கு அதிகம் கொடுத்து, கோபுரத்தில் கூட்டம் கூடும் பின்னேரங்களில் குறைவாகப் பெறுகிறீர்கள். ஒரே விலை என்பதை நீதி என்று சொல்லுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அண்மையில் துணுக்காய்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ரவுட்டரை யன்னல் கம்பியில் சணல் கயிற்றால் கட்டி, சாரலுக்குப் பொலித்தீன் பை சுற்றியிருந்தார்கள். கோபுரம் அந்தத் திசையில். உயர்தரம் படிக்கிற மகள் ஒன்பது மணிக்கே படுத்துவிடுகிறாள். நடுச்சாமத்துக்கு அலாரம் வைத்து எழும்பி, இரவு டேட்டாவில் பாட வீடியோக்களை இறக்கி வைக்கிறாள். பகல் டேட்டா மாதம் முடியுமுன்னே தீர்ந்துபோகுமாம். "விடிய வகுப்பில நித்திரை தூங்குறாள்" என்று தாய் சொன்னார். அந்தப் பிள்ளையின் நித்திரையும் இந்தக் கட்டணத்தில் சேர்த்தி.

மூன்று மொபைல் கொம்பனிகள் இருக்கின்றனவே, அது போட்டி இல்லையா என்று கேட்பீர்கள். ஐந்தாக இருந்தவை மூன்றாகின: எடிசலாட் 2018இல் ஹட்சுடனும், எயார்டெல் 2024இல் டயலொக்குடனும் சேர்ந்தன. 2022 செப்டெம்பரில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியோடு எல்லாக் கொம்பனிகளும் ஒன்றாக 20 வீதம் கூட்டின. அந்த வருடம் ரூபாய் விழுந்தது, டீசல் கிடைக்கவில்லை. செலவு கூடியது உண்மைதான். ஆனாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே வீதத்தில் கூட்டக்கூடிய சந்தையில், ஒருவரை விட்டு மற்றவரிடம் போய் நீங்கள் தப்ப முடியாது.

கட்டணத்துக்கு அனுமதி கொடுப்பது இந்த ஆணைக்குழுதான். சட்டப்படி அதன் தலைவர் துறைக்குரிய அமைச்சின் செயலாளர். ரெலிகொமின் 49.5 வீதப் பங்கோ அரசின் திறைசேரியின் கையில். விளையாடுகிற அணியின் பாதிச் சொந்தக்காரரே நடுவரையும் நியமிக்கிறார். நான் குறை சொல்வது இந்தக் கட்டமைப்பை. அரசு பங்கு வைத்திருக்கட்டும். சந்தையை மட்டும் நம்பியிருந்தால் ஆள் குறைந்த வன்னிக் கிராமங்களுக்குக் கம்பி இழுக்க எவரும் வரமாட்டார்கள். ஆனால் நடுவர் வேறாளாக இருக்க வேண்டும். ஏற்கெனவே போட்ட கம்பத்தையும் கேபிளையும் மற்றக் கொம்பனிகள் நியாயமான வாடகைக்குப் பாவிக்க அந்த நடுவர் கட்டாயப்படுத்த வேண்டும். ஒரே ஒழுங்கைக்கு மூன்று பேர் மூன்று தரம் கம்பம் நட இந்த நாட்டில் காசில்லை.

2025 ஜூலையில் செய்மதி இணையமான ஸ்டார்லிங்க் வந்துவிட்டதே என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். மாதம் 10,000 ரூபாவுக்கு மேல் கட்டி, கருவிக்கும் வேறாகக் காசு கொடுத்து, பக்கத்துக்கு இத்தனை ரூபா என்று போட்டோகொப்பி எடுத்துக் கொடுக்கும் கடை தாக்குப்பிடிக்காது.

ஒன்று செய்யுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசுக்கு 25 வீதமோ அதற்கு மேலோ பங்குள்ள கொம்பனிகளையும் கட்டுப்படுத்தும். ரெலிகொமும் அதற்குள் வரும். துணுக்காய்ப் பிரதேச செயலகப் பிரிவில் பைபர் எந்த வீதி வரை வந்திருக்கிறது, உங்கள் ஒழுங்கைக்குத் திட்டம் உண்டா, எந்த ஆண்டில் என்று எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தகவல் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்லியாக வேண்டும். தொலைத்தொடர்புகள் ஆணைக்குழுவுக்கும் இதே கேள்வியைத் தனியாக அனுப்புங்கள். வருகிற இரண்டு பதில்களையும் பிரதி எடுத்து எங்களுக்கு அனுப்பிவையுங்கள், இதே பக்கத்தில் அருகருகே அச்சிடுகிறோம்.