மடிக்கணினி அமைப்புகள்: வன்னி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

விண்டோஸ் பணிசெயல் முறைமையின் தொடக்க அமைப்புகள் தடையற்ற மின்சாரமும் அளவற்ற இணையமும் குளிர்ந்த அறையும் உள்ள வீட்டை எண்ணி வைக்கப்பட்டவை. நமது வீடுகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை அல்ல. ஆகவே, கீழ்வரும் கேள்விகளில் பலவற்றுக்குப் புதிதாக எதையும் வாங்காமல், ஏற்கெனவே உள்ள தெரிவுகளை நம் நிலைக்கு ஏற்ப மாற்றுவதே முதற்பதிலாக அமைகிறது.

லண்டனிலுள்ள மாமா தாம் பாவித்த மடிக்கணினியை எனக்கு அனுப்பினார். 4 ஜிபி நினைவகமும் வன்தட்டும் கொண்ட அது, திறந்து வேலை செய்யும் நிலைக்கு வர நீண்ட நேரம் எடுக்கிறது. வேகத்தைக் கூட்டும் மென்பொருள் ஒன்றை நிறுவுமாறு நண்பி சொல்கிறார். நிறுவலாமா ஐயா?
– உயர்தர மாணவி, ஒட்டுசுட்டான்

நிறுவ வேண்டாம். அத்தகைய மென்பொருள்களில் பெரும்பாலானவை தாமும் பின்னணியில் ஓடிக்கொண்டு, உள்ள சிறிதளவு நினைவகத்திலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. விண்டோசின் அமைப்புகள் பதியப்பட்டிருக்கும் ‘ரெஜிஸ்ட்ரி’யைத் துப்புரவாக்குவதாகச் சொல்பவை தேவையான பதிவுகளையும் அழித்துவிடக்கூடும்.

முதலில் தாமதம் எங்கே ஏற்படுகிறது என்று பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். அதில் ‘ஸ்டார்ட்டப்’ பகுதிக்குச் சென்று, கணினி திறக்கும்போதே தாமாக எழுந்துகொள்ளும் செயலிகளைப் பாருங்கள். பாட்டுக் கேட்கும் செயலி, அழைப்புச் செயலி, அச்சுப்பொறியின் துணைச்செயலி போன்றவற்றை அங்கே முடக்கினால் அவை அழிந்துவிடுவதில்லை. நீங்கள் அழைக்கும்போது மட்டும் திறக்கும். வைரஸ் எதிர்ப்பு மென்பொருள்கள் இரண்டு இருந்தால் ஒன்றை நீக்குங்கள். விண்டோசுடன் வரும் டிஃபெண்டரை ஒழுங்காக இற்றைப்படுத்தி வந்தால் மாணவர் ஒருவருக்கு அது போதும்.

அடுத்து, காட்சி அலங்காரங்களைக் குறைக்கலாம். ‘பெர்ஃபோமன்ஸ் ஒப்ஷன்ஸ்’ சாளரத்தில் வேகத்துக்கு முன்னுரிமை தரும் தெரிவைச் சொடுக்கியதும் எல்லாக் குறிகளும் நீங்கிவிடும். ஆனால் எழுத்துருக்களின் விளிம்பை மென்மையாக்கும் தெரிவை மட்டும் மீண்டும் குறியிட்டு வையுங்கள். அது இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகளின் வளைவுகளும் மெய்யெழுத்தின் புள்ளியும் சிதைந்து, நீண்ட நேரம் வாசிப்போரின் கண்ணை வருத்தும். பக்கக் கோப்பு எனப்படும் மெய்நிகர் நினைவகத்தின் அளவைத் தொடாதீர்கள். அதைப் பணிசெயல் முறைமையே தீர்மானிக்கட்டும். தட்டில் இடம் குறைந்திருந்தால் ‘ஸ்டோரேஜ் சென்ஸ்’ தற்காலிகக் கோப்புகளை அகற்றித் தரும். ஆயினும் ‘டவுன்லோட்ஸ்’ உறையை அது ஒருபோதும் தொடாதவாறு தெரிவு செய்யுங்கள். கடந்தகால வினாத்தாள்களை மாணவர்கள் அங்கேதான் சேர்த்து வைத்திருப்பார்கள்.

இவற்றுக்குப் பிறகும் டாஸ்க் மனேஜரில் ‘டிஸ்க்’ என்ற நிரல் நூறு வீதத்திலேயே நின்றால், அமைப்புகளால் செய்யக்கூடியது அவ்வளவுதான். சுழலும் வன்தட்டை நீக்கி, சுழலும் பாகங்கள் இல்லாத விரைவான சேமிப்பகமான எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்துவதே பயன் தரும்; பழைய மடிக்கணினி ஒன்றுக்காகப் பணம் செலவிடுவதென்றால் முதலில் இதற்கே செலவிடுங்கள் என்பேன். இயந்திரம் லண்டனிலிருந்து வந்திருப்பதால், நேர வலயத்தை ஸ்ரீ ஜயவர்தனபுர என மாற்றிவிட்டீர்களா என்பதையும் பாருங்கள். இணையவழி வகுப்பின் நேரம் தவறாகக் காட்டப்படுவதற்கு அது காரணமாகலாம்.

கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட் மூலமே மடிக்கணினிக்கு இணையம் எடுக்கிறேன். ஒரு படிவத்தைத் தரவேற்றுவதற்குள் டேட்டா முடிந்துவிடுகிறது. பாடசாலைக் கணினிக் கூடத்திலும் இதே தொல்லைதான்.
– ஆசிரியர், மல்லாவி

மடிக்கணினி உங்கள் ஹொட்ஸ்பொட்டை எல்லையற்ற வைஃபை என்று கருதிக்கொண்டு, இற்றைப்படுத்தல்களையும், மைக்ரோசொஃப்ட்டின் இணையச் சேமிப்பகமான வன்ட்ரைவின் கோப்புகளையும் இழுக்கிறது. செற்றிங்ஸில் அந்த இணைப்பின் பண்புகளைத் திறந்து, ‘மீட்டர்ட் கனெக்ஷன்’ என்ற தெரிவை இயக்குங்கள். அதன்பின் பெரும்பாலான இற்றைப்படுத்தல்கள் காத்திருக்கும். வன்ட்ரைவும் ஒத்திசைவை நிறுத்திக்கொள்ளும். இந்தத் தெரிவு ஒவ்வோர் இணைப்புக்கும் தனித்தனியானது என்பதால், தொலைபேசியை மாற்றினால் மீண்டும் இட வேண்டும். எந்தச் செயலி எவ்வளவு டேட்டாவை உண்டது என்பதையும் ‘டேட்டா யூசேஜ்’ பகுதி காட்டும்.

ஆனால் இற்றைப்படுத்தலை என்றென்றும் தள்ளிப்போடுவது ஆபத்து. மைக்ரோசொஃப்ட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடுகிறது. அவை இலங்கை நேரப்படி அன்றிரவே வருகின்றன. உங்கள் பொதியில் நள்ளிரவுக்குப் பிந்திய நேரத்துக்கெனத் தனி அளவு இருந்தால், மாதத்தில் ஓரிரவு ‘மீட்டர்ட்’ தெரிவை நிறுத்திவிட்டு அவற்றை இறக்கிக்கொள்ளுங்கள்.

கணினிக் கூடத்துக்கு ‘டெலிவரி ஒப்டிமைசேஷன்’ என்ற தெரிவு பெரிதும் உதவும். அதில் உள்ளக வலையமைப்பிலுள்ள கணினிகளிடமிருந்து பெறுவதை மட்டும் அனுமதித்தால், ஒரு கணினி இறக்கிய இற்றைப்படுத்தலின் பகுதிகளை ஏனையவை அதனிடமிருந்தே பெற்றுக்கொள்ள முடியும். ஆகவே ஒரு கணினியை முந்தைய நாளே இற்றைப்படுத்தி, மற்றவற்றை அடுத்த நாள் தொடங்குங்கள். இணையத்திலுள்ள கணினிகளையும் சேர்க்கும் தெரிவை எடுக்க வேண்டாம். அது உங்கள் இணைப்பின் வழியே முன்பின் அறியாதவர்களுக்கும் கோப்புகளை அனுப்பும்.

மழைக்காலத்தில் மின்சாரம் அடிக்கடி நின்றுவிடுகிறது. பற்றரி இருபது வீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே மடிக்கணினி திடீரென அணைந்து, தட்டச்சுச் செய்தவை எல்லாம் போய்விடுகின்றன.
– கூட்டுறவுச் சங்க எழுதுநர், புதுக்குடியிருப்பு

தேய்ந்த பற்றரியின் அடையாளம் இது. எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை விண்டோசே சொல்லும். கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ஆங்கில எழுத்துகளில் ‘பவர்சிஎஃப்ஜி’ என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, வலப்புறம் சாயும் கோட்டையும் ‘பற்றரிரிப்போர்ட்’ என்ற சொல்லையும் சேர்த்து எழுதுங்கள். உருவாகும் அறிக்கையில் வடிவமைப்புக் கொள்ளளவும் இப்போது முழுமையாக ஏற்றக்கூடிய கொள்ளளவும் அருகருகே இருக்கும். முன்னையது 40,000 ஆகவும் பின்னையது 15,000 ஆகவும் இருந்தால், எந்த அமைப்பும் அந்த இழப்பை ஈடுசெய்யாது. பற்றரியை மாற்றத்தான் வேண்டும்.

மாற்றும்வரை உங்கள் வேலையைக் காப்பாற்ற வழியுண்டு. கன்ட்ரோல் பனலில் உள்ள மின்வலுத் திட்டத்தின் மேம்பட்ட அமைப்புகளில், பற்றரி அபாய நிலையை அடையும்போது என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ‘ஹைபர்னேட்’ என்பதைத் தெரிவு செய்து, அந்த அபாய நிலையின் அளவை 25 வீதமாக உயர்த்துங்கள். தேய்ந்த பற்றரி காட்டும் எண்ணை நம்ப முடியாது என்பதால், அது பொய் சொல்லத் தொடங்கும் இடத்துக்கு மேலேயே கணினி நின்றுவிட வேண்டும். ஸ்லீப் நிலையில் உங்கள் வேலை நினைவகத்தில் மட்டுமே இருப்பதால், அந்நேரம் பற்றரி தீர்ந்தால் வேலையும் போய்விடும். ஹைபர்னேட் அதைத் தட்டில் எழுதி வைத்துவிட்டு முற்றாக அணைகிறது. வேர்ட் செயலியில் தானியங்கி மீட்புக்கான இடைவெளி பத்து நிமிடமாக இருக்கும். அதை ஒரு நிமிடமாக்குங்கள். திரையின் வெளிச்சத்தைக் குறைப்பது, மின்சாரம் இல்லாத நேரத்தை நீட்டுவதற்கு மிக எளிய வழி.

இடி மின்னல் உள்ள மாலைகளில் சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். எந்த அமைப்பும் அதற்கு ஈடாகாது.

சட் டவுன் செய்து மறுநாள் திறந்தாலும் சிறு கோளாறுகள் அப்படியே இருக்கின்றன. றீஸ்டார்ட் செய்தால் மட்டும் மாறுகின்றன. ஏன்?
– வாசகர், மாங்குளம்

‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ இயங்கும்போது, சட் டவுன் செய்கையில் பணிசெயல் முறைமையின் கருப்பகுதி முழுதாக மூடப்படாமல் தட்டில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அதே நிலையில் திரும்புகிறது. றீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்குகிறது. வன்தட்டு உள்ள இயந்திரத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் சற்று விரைவைத் தருவதால் விட்டுவைத்து, வாரம் ஒருமுறை றீஸ்டார்ட் செய்யுங்கள்.

நண்பகலில் தகரக் கூரையின் கீழ் வேலை செய்யும்போது மடிக்கணினி கொதிக்கிறது. விசிறி ஓயாமல் இரைகிறது.
– பல்கலைக்கழக மாணவர், அறிவியல்நகர், கிளிநொச்சி

வெப்பம் மிகும்போது கணினியின் மூளையான ப்ரொசெசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைக்கும். எனவே வேகத்தைக் கூட்டும் அமைப்புகள் அங்கே எதிர்மாறான பலனைத் தரும். ‘பவர் மோட்’ பகுதியில் மின்சிக்கனத் தெரிவை எடுங்கள். மேம்பட்ட மின்வலு அமைப்புகளில் ப்ரொசெசரின் உச்சநிலை என்ற தெரிவு தென்பட்டால் அதை 99 வீதமாக்குங்கள். பல இன்டெல் ப்ரொசெசர்களில் இந்த ஒரு வீதக் குறைப்பு ‘டர்போ பூஸ்ட்’ எனும் மிகைவேகத்தை நிறுத்தி, வெப்பத்தை நன்கு தணிக்கும். எழுதுவதற்கும் வாசிப்பதற்கும் அந்த மிகைவேகம் தேவையில்லை. புதிய இயந்திரங்கள் சிலவற்றில் இந்தத் தெரிவு மறைக்கப்பட்டிருக்கும்.

கிரவல் வீதியோரம் குடியிருப்போரின் மடிக்கணினிகளில் செம்புழுதி காற்றுத் துவாரத்தை அடைத்திருப்பதும் வழக்கம். திருத்துநர் ஒருவரிடம் கொடுத்து அதைத் துப்புரவு செய்வியுங்கள். மெத்தை மீது வைத்து ஒருபோதும் பாவிக்காதீர்கள்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டது என்கிறார்கள். என் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்க மறுக்கிறது. இதை எறிந்துவிடுவதா?
– இளைப்பாறிய அதிபர், வவுனியா

எறிய வேண்டாம், ஐயா. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. தனிப்பட்ட பாவனையாளர்களுக்கென மைக்ரோசொஃப்ட் அறிவித்த நீடிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளை ஒத்திசைப்பவர்கள் பணம் செலுத்தாமலே சேரலாம். விண்டோஸ் அப்டேற் பக்கத்தில் அதற்கான இணைப்பு இருக்கும்.

விண்டோஸ் 11 உங்கள் கணினியை மறுப்பதற்கு டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சில்லு இல்லாமையோ பழைய ப்ரொசெசரோ காரணமாகலாம். டிபிஎம் சில கணினிகளில் இருந்தும், கணினி திறக்கும்போது முதலில் இயங்கும் பயோஸின் அமைப்புகளில் அணைக்கப்பட்டிருக்கும் என்பதால் முதலில் அதைப் பார்க்கச் செய்யுங்கள். தடையைக் குறுக்குவழியில் தாண்டி நிறுவித் தருவோரும் இருக்கிறார்கள். ஆனால் அப்படி நிறுவியவற்றுக்கு இற்றைப்படுத்தல் தொடர்ந்து கிடைக்கும் என்று மைக்ரோசொஃப்ட் உறுதி தரவில்லை. வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

கடிதம் எழுதுதல், செய்தி வாசித்தல், பிள்ளைகளுடன் காணொளியில் பேசுதல் ஆகியவையே தேவை என்றால் விண்டோசுக்கு மாற்றான இலவசப் பணிசெயல் முறைமையான லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு 4 ஜிபி நினைவகத்தில் நன்றாக இயங்கும். பாமினி எழுத்துருவில் எழுதிய உங்கள் பழைய கோப்புகளையும், அந்த எழுத்துருவை நிறுவியபின், வேர்ட் கோப்புகளையும் திறக்கும் இலவச மென்பொருளான லிப்ரே ஒஃபிஸில் வாசிக்கலாம். நிறுவுவதற்கு முன் பென்ட்ரைவிலிருந்தே அதை இயக்கி, வைஃபையும் அச்சுப்பொறியும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். அப்படி இயக்கும்போது வன்தட்டிலுள்ள எதுவும் மாறாது. நிறுவுவதாக முடிவு செய்தால், கோப்புகள் அனைத்தையும் வேறொரு தட்டில் படியெடுத்த பின்னரே தொடங்குங்கள்.