டீன் நாற்காலி

அன்புள்ள ஐயா,

நான் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் அறுவைசிகிச்சைத் துறைப் பேராசிரியர். இருபது வருடத்துக்கு மேலாகத் தியேட்டர்தான் என் வாழ்க்கை. இப்போது டீன் பதவிக்கான பட்டியலில் என் பெயர் வந்திருக்கிறது. ஏற்றால் வேறு மாவட்டத்துக்குப் போக வேண்டும். அதைவிடப் பெரிய பயம், கை மறந்துபோய்விடுமே என்பது. என்எம்சி (தேசிய மருத்துவ ஆணையம்) ஆய்வு, பயோமெட்ரிக் வருகை, டெண்டர் என்று கையெழுத்துப் போட்டே ஓய்வுபெற்றுவிடுவேன். நல்ல சர்ஜன் என்று எடுத்த பெயரும் போய்விடும். வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரியை உருவாக்கிய ஐடா ஸ்கடருக்கு வந்ததுபோல ஓர் இரவு எனக்கு வரவில்லை. வந்திருந்தால் யோசிக்காமல் போயிருப்பேன். நான் ஏற்கலாமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள டாக்டர்,

சமீபத்தில் உறவினர் ஒருவருக்குத் துணையாக வேலூர் போயிருந்தேன். சிஎம்சி வாசலில் ஓடும் சாலைக்கே ஐடா ஸ்கடரின் பெயர்தான். சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ் போர்டுகளெல்லாம் வங்காள எழுத்தில். கல்கத்தாவிலிருந்து ரயிலேறி வந்தவர்கள் ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு மீன்குழம்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த நேரமெல்லாம் அந்த அம்மாளைப் பற்றித்தான் யோசனை. திரும்பி வந்து பார்த்தால் உங்கள் கடிதம்.

முதலில் அந்த இரவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் ஐடாவை உதவிக்கு அழைத்தார்கள். ஆண் டாக்டரான அப்பாவை உள்ளே விட மறுத்தார்கள். மூன்று பெண்களும் பிரசவத்தில் இறந்தார்கள். சரி, ஐடா டாக்டராக முடிவெடுத்தார். அப்போது அவருக்கு வயது இருபதைச் சுற்றி. 1960இல் இறக்கும்போது 89. நாம் அந்த ஒரு இரவைச் சொல்லிக் கண்கலங்கிவிட்டு மிச்சத்தை விட்டுவிடுகிறோம். மிச்சத்தில் இருப்பதெல்லாம் கடிதப் போக்குவரத்து, கமிட்டி, கணக்கு வழக்கு. சொன்னால் யாருக்கும் கண்ணீர் வராது. ஆனால் கல்லூரி அதில்தான் நிற்கிறது.

அவர் 1918இல் பெண்களுக்காகத் தொடங்கியது மருத்துவப் பள்ளிதான், கல்லூரி அல்ல. எல்எம்பி படிப்பு, அதாவது எம்பிபிஎஸ்ஸுக்கு ஒரு படி கீழான மருத்துவ டிப்ளமோ. முதல் அணியில் கடைசிவரை நின்ற 14 பேரும் 1922இல் தேறினார்கள். அதோடு நிம்மதியாக இருந்திருக்கலாம். 1930களின் கடைசியில் சென்னை மாகாண அரசு எல்எம்பி இனி வேண்டாம், எம்பிபிஎஸ்தான் என்று முடிவெடுத்தது. கூடுதல் படுக்கைகள் வேண்டும், உயர்பட்டம் பெற்ற ஆசிரியர்கள் வேண்டும், அதற்கெல்லாம் பணம் வேண்டும். இல்லையென்றால் பள்ளியை மூட வேண்டியதுதான். உங்கள் என்எம்சி ஆய்வுக்கு அண்ணன் இது!

அப்போது ஐடாவுக்கு எழுபதை நெருங்கும் வயது. 1941இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். போர்க்காலத்தின் பெரும்பகுதி அங்கேதான் கழிந்தது. ஊர் ஊராகப் போய் மேடையேறிப் பேசிப் பணம் கேட்டார். நல்ல கைராசிக்காரர் என்று வட ஆற்காடு முழுக்கப் பெயர் வாங்கிய சர்ஜன் அவர். அந்த வருடங்களில் எத்தனை ஆபரேஷன் செய்திருக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டா கப்பலேறினார்?

அங்கேயும் சும்மா விடவில்லை. வேலூர் பிழைக்க வேண்டுமென்றால் எல்லா மிஷன்களும் சேர்ந்து நடத்தும் கல்லூரியாக மாற வேண்டும், ஆண்களையும் சேர்க்க வேண்டும் என்ற யோசனை வந்தது. பெண்கள் கல்லூரி என்று நம்பிப் பணம் கொடுத்தோமே, இது துரோகமில்லையா என்று அமெரிக்காவில் அவருடைய பழைய ஆதரவாளர்கள் சிலரே கேட்டார்கள். நியாயமான கேள்வி. பெண்களுக்கென்று ஓர் இடம் வேண்டும் என்றுதானே வாழ்நாள் முழுக்க உழைத்தார்? ஆனாலும் ஒத்துக்கொண்டார். 1947இல் எம்பிபிஎஸ் வகுப்புக்குள் ஆண்கள் வந்தார்கள். அதற்குள் பொறுப்பும் கைமாறியிருந்தது. தொழுநோய் மருத்துவர் ராபர்ட் காக்ரேன் வந்தார், அவருக்குப் பின் ஹில்டா லாசரஸ், முதல் இந்தியத் தலைவராக. தான் கட்டிய இடத்தில் தன் விருப்பத்துக்கு மாறானதையும் அனுமதித்து, நாற்காலியையும் விட்டுக்கொடுத்து, ஐடா அங்கேயே இருந்தார். நீங்கள் என்னடாவென்றால் பெயர் போய்விடும் என்று அழுகிறீர்கள்!

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பயம் புரியாமலில்லை. இருபது வருடம் பழகிய கை சும்மா இருக்க மறுக்கும்.

என் அப்பா ஓர் அரசு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அந்த டீன் காலை ஏழு மணிக்கு வார்டுக்கு வருவார். அவரும் சர்ஜன்தான். கேஸ் ஷீட்டைக் கேட்கமாட்டார். நேராக மூலையில் இருக்கும் வாஷ்பேசினுக்குப் போய்க் குழாயைத் திறப்பார். தண்ணீர் வராவிட்டால் பிளம்பர் வரும்வரை அங்கேயே நிற்பார். பின்னால் வந்த பேராசிரியர்களும் வாட்சைப் பார்த்தபடி நிற்க வேண்டியதுதான். பக்கத்து வார்டில் ஆறாத புண்களோடு இரண்டு வரிசைப் படுக்கைகள் இருந்தன. அத்தனை பேர் புண்ணையும் தொடுகிற கைகள் அந்தக் குழாயில்தான் கழுவப்பட வேண்டும். அவர் எத்தனை ஹெர்னியா செய்தார் என்பது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளத் தோன்றியதும் இல்லை.

கை மறந்துபோகாமலிருக்க வழி உண்டு. ஐடா தலைமைப் பொறுப்பில் இருந்தபோதும் குடியாத்தம் சாலையில் மரத்தடியில் வண்டியை நிறுத்தி நோயாளிகளைப் பார்க்கும் வழக்கத்தை விடவில்லை. நீங்களும் வாரத்தில் ஒரு நாள் ஓபி பாருங்கள், தியேட்டருக்கும் போங்கள். டீன் கத்தி பிடிக்கக் கூடாதென்று எந்த ஜிஓவும் இல்லை.

டெண்டருக்கு நல்ல சூப்பரின்டென்டென்ட் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், பயோமெட்ரிக் தானே நடக்கும். வேறு மாவட்டம் என்பது உங்கள் மனைவியிடம் கேட்க வேண்டியது, என்னிடம் இல்லை.