ஆபீஸ் சிஸ்டம் எல்லாத்துலயும் அவுட்லுக் டீஃபால்ட் மெயில் ஐடியை எப்படி மாத்துறது? அட்மின் லாகின்ல மாத்தியும் பழைய ஐடில இருந்தே மெயில் போகுது

அட்மின் லாகின்ல மாத்தினா மாறாதுங்க, அதுதான் உங்க பிரச்சனைல பாதி. அவுட்லுக்கோட மெயில் அக்கவுண்ட், எது டீஃபால்ட்ங்கிறது, எந்த ப்ரொஃபைல் (அக்கவுண்டுகளும் அதோட செட்டிங்ஸும் சேர்ந்த தொகுப்பு) திறக்கணும்ங்கிறது எல்லாமே அந்தந்த விண்டோஸ் யூசரோட ரெஜிஸ்ட்ரிலதான் (விண்டோஸ் தன் செட்டிங்ஸை எழுதி வச்சிருக்கிற இடம்) உக்காந்திருக்கு, கம்ப்யூட்டருக்குப் பொதுவா இல்ல. நீங்க அட்மினா உள்ள போய் பாக்குற அவுட்லுக் அட்மினோட அவுட்லுக், அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன்ல உக்காந்திருக்கிற ஒரு பொண்ணோட அவுட்லுக் வேற. அதனால யார் அந்த சீட்ல உக்காந்து வேலை பாக்குறாங்களோ அவங்க லாகின்லயே போய்த்தான் மாத்தணும்.

நான் கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் சின்ன ஆபீஸ்களுக்கு சப்போர்ட் பாக்குறேன். இங்க பெரும்பாலும் நடக்குறது என்னன்னா ஆள் வேலைய விட்டுப் போயிடுவாங்க, புதுசா வந்தவங்களுக்கு அதே விண்டோஸ் லாகினையே குடுத்துடுவாங்க, பழைய அக்கவுண்டுக்குப் பக்கத்துலயே புது ஐடியையும் சேத்து விட்டுடுவாங்க, ஆனா முதல்ல போட்ட அக்கவுண்டுதான் டீஃபால்டா நிக்கும்னு யாரும் யோசிக்கிறதில்ல. பையர் பக்கம் பாத்தா போன வருஷமே ரிசைன் பண்ணினவர் பேர்ல கொட்டேஷன் வந்து நிக்கும்.

சரி, மாத்துற இடம். பழைய மாடல் அவுட்லுக்குன்னா (2016, 2019, 365ல வர்ற கிளாசிக்) ஃபைல் மெனு, அக்கவுண்ட் செட்டிங்ஸ், அதுக்குள்ள மறுபடியும் அக்கவுண்ட் செட்டிங்ஸ், ஈமெயில் டேப்ல புது ஐடியை செலக்ட் பண்ணி செட் ஆஸ் டீஃபால்ட். இதோட முடிஞ்சதுன்னுதான் எல்லாரும் க்ளோஸ் பண்ணிட்டுப் போறாங்க, ஆனா முடியல. அவுட்லுக்ல நீங்க எந்த அக்கவுண்டோட இன்பாக்ஸ்ல நின்னுக்கிட்டு நியூ மெயில் அழுத்துறீங்களோ அந்த அக்கவுண்ட்ல இருந்துதான் மெயில் கிளம்பும், டீஃபால்ட் எதுவா இருந்தாலும் சரி. பழைய ஐடியோட இன்பாக்ஸ்ல ஒரு பழைய மெயிலைத் தேடிப் பாத்துட்டு அப்படியே அங்கிருந்தே புதுசா ஒண்ணு அடிச்சா போச்சு. இதுக்கு ஃபைல், ஆப்ஷன்ஸ், மெயில்னு போய் கொஞ்சம் கீழ இறங்கினா, புது மெயில் எழுதும்போது எப்பவும் டீஃபால்ட் அக்கவுண்டையே யூஸ் பண்ணுன்னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கும் (2013ல இருந்து இருக்கு), அதை டிக் பண்ணுங்க. ரிப்ளைக்கு இது பொருந்தாது, எந்த ஐடிக்கு மெயில் வந்துச்சோ அதுல இருந்துதான் ரிப்ளை போகும். பழைய ஐடிக்கு இன்னும் மெயில் வந்துக்கிட்டு இருந்தா, மெயில் எழுதுற விண்டோல ஆப்ஷன்ஸ் டேப்ல ஃப்ரம் பட்டனை ஆன் பண்ணி விட்டுடுங்க, எந்த ஐடில இருந்து போகுதுன்னு அனுப்புறவங்க கண்ணுலயாவது படும்.

பழைய அக்கவுண்டை டெலிட் பண்ணிட்டா வேலை முடிஞ்சுதேன்னு தோணும். அவசரப்படாதீங்க. அதே செட்டிங்ஸ்ல டேட்டா ஃபைல்ஸ்னு தனி டேப் இருக்கு பாருங்க, அதுக்குன்னு தனியா ஒரு டீஃபால்ட் உண்டு. காலண்டர், டாஸ்க், ரிமைண்டர் எல்லாம் அதுலதான் போய் சேரும். பழைய அக்கவுண்டோட ஃபைல் அங்க டீஃபால்டா இருந்தா அவுட்லுக் அந்த அக்கவுண்டை எடுக்க விடாது, முதல்ல டேட்டாவுக்கு வேற இடம் காட்டுன்னு நிக்கும். புது ஃபைலை டீஃபால்ட் ஆக்கிட்டு, அவுட்லுக்கை மூடித் திறந்துட்டு, அப்புறமா எடுங்க. பழைய அக்கவுண்ட் பாப் முறைல (மெயிலை சர்வர்ல இருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கி வைக்கிற முறை) இருந்தா இன்னும் ஜாக்கிரதை, ஏன்னா சர்வர்ல 14 நாளைக்கு மேல காப்பி வைக்காத மாதிரிதான் அவுட்லுக்கே செட் பண்ணித் தரும், அதனால வருஷக்கணக்கான மெயில் கம்ப்யூட்டர்ல இருக்கிற அந்த ஒரு பிஎஸ்டி ஃபைல்லதான் (அவுட்லுக்கோட டேட்டா ஃபைல்) இருக்கும். அதை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்ல காப்பி எடுத்து வச்சுட்டு மத்ததைப் பண்ணுங்க.

இன்னொண்ணு இருக்கு, இது கண்டுபிடிக்கிறதுக்குள்ள தலை சுத்தும். உங்க சைடுல ஃப்ரம் கரெக்டா புது ஐடி காட்டும், ஆனா வாங்குறவங்களுக்கு பழைய ஜிமெயில் ஐடிதான் தெரியும். டீஃபால்ட்ல தப்பே இருக்காது. புது அக்கவுண்ட்ல அவுட்கோயிங் சர்வர் செட்டிங்ல எவனோ பழைய ஜிமெயில் யூசர்நேமையும் பாஸ்வேர்டையும் போட்டு ஒப்பேத்தி வச்சிருப்பான். ஜிமெயில் சர்வர், யார் லாகின் பண்ணி அனுப்புறாங்களோ அவங்க அட்ரஸை ஃப்ரம்ல மாத்திப் போட்டுடும், அந்த இன்னொரு ஐடியை ஜிமெயில்லயே ஏற்கனவே வெரிஃபை பண்ணி வச்சிருந்தாத்தான் விடும். உங்க சொந்த ஜிமெயிலுக்கு ஒரு டெஸ்ட் மெயில் அனுப்பி, அங்க ஷோ ஒரிஜினல் அழுத்திப் பாத்தா எந்த சர்வர் வழியா வந்துச்சுன்னு குட்டு வெளிப்பட்டுடும். அவுட்கோயிங்ல கம்பெனி மெயில் டொமைனோட (ஐடில @க்கு அப்புறம் வர்றது) சர்வர், போர்ட் 587 இல்லேன்னா 465, யூசர்நேம் முழு மெயில் ஐடி. போர்ட் 25ஐ விட்டுடுங்க, நெட் கம்பெனிக்காரங்களே நிறைய இடத்துல அதை அடைச்சு வச்சிருப்பாங்க.

அவுட்லுக் திறக்கும்போதே தப்பான ப்ரொஃபைல் வந்தா கன்ட்ரோல் பேனல்ல மெயில் ஐகான், ஷோ ப்ரொஃபைல்ஸ், ஆல்வேஸ் யூஸ் திஸ் ப்ரொஃபைல். புது அவுட்லுக்னு ஒண்ணு விண்டோஸ் 11ல தானா வந்து உக்காந்துக்குது, அதுக்கு இந்த கன்ட்ரோல் பேனல் கதையெல்லாம் கிடையாது, செட்டிங்ஸ்ல அக்கவுண்ட்ஸ் போய் பிரைமரி அக்கவுண்டை மாத்தணும்.

வெப்சைட்ல இருக்கிற மெயில் லிங்க்கைத் தொட்டா க்ரோம் திறக்குது, அவுட்லுக் வரலன்னா அது வேற டீஃபால்ட், விண்டோஸ் செட்டிங்ஸ்ல ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ்ல மாத்துறது. இதை ஸ்கிரிப்ட் போட்டு ரெஜிஸ்ட்ரில எழுதி எல்லா மெஷின்லயும் தள்ளிடலாம்னு நினைக்காதீங்க, விண்டோஸ் 8ல இருந்து அந்த இடத்துக்கு ஒரு ஹாஷ் (வெளிய இருந்து மாத்தினா காட்டிக் குடுக்கிற சரிபார்ப்புக் குறியீடு) வச்சு பூட்டிட்டாங்க, நீங்க எழுதினா அதை ஏத்துக்காம திரும்ப பழையபடி ஆக்கிடும். சர்வர், டொமைன் (ஆபீஸ் சிஸ்டம் எல்லாத்தையும் ஒரே சர்வர்ல இருந்து கட்டுப்படுத்துற அமைப்பு, மெயில் டொமைன் இல்ல) எல்லாம் இருந்தா ஒரு மெஷின்ல சரியா செட் பண்ணி டிஸ்ம்ங்கிற விண்டோஸ் கமாண்ட்ல எக்ஸ்எம்எல் ஃபைலா எடுத்து, குரூப் பாலிசில (எல்லா மெஷினுக்கும் ஒரே இடத்துல இருந்து செட்டிங் போடுற வசதி) டீஃபால்ட் அசோசியேஷன்ஸ் ஃபைல்னு குடுத்துட்டா லாகின் பண்ணும்போது தானா விழும். எக்ஸ்சேஞ்ச் (மைக்ரோசாஃப்டோட கம்பெனி மெயில் சர்வர்) மெயிலா இருந்தா ஆக்டிவ் டைரக்டரில (டொமைனோட யூசர் லிஸ்ட்) இருக்கிற ஐடியை வச்சு ப்ரொஃபைலைத் தானா உருவாக்கவும் ஆபீஸ் பாலிசில ஒரு ஆப்ஷன் இருக்கு. ஆனா 12 சிஸ்டம் வச்சிருக்கிற ஆபீஸ்ல டொமைன் எங்க இருக்கப் போகுது, பாதி விண்டோஸ் ஹோம் எடிஷனா இருக்கும், அது டொமைன்லயே சேராது. ஒவ்வொரு சீட்டா போய் உக்காருறதுதான் வழி, மத்தியானம் சாப்பிடப் போற நேரமா பாத்து பண்ணுங்க.

முடிச்சதும் சிக்னேச்சரைப் பாருங்க, அது அக்கவுண்ட் வாரியா இருக்கிறதால புது ஐடிக்கு காலியா நிக்கும், மறுநாள் முதல் கம்ப்ளெயின்ட்டே அதுதான் வரும். அப்புறம் டாலி அக்கவுண்டிங் சாஃப்ட்வேர்ல இருந்து நேரா இன்வாய்ஸ் மெயில் பண்றீங்கன்னா அது அவுட்லுக்கைத் தொடவே தொடாது, அதுக்கு உள்ளயே தனி சர்வர் செட்டிங் இருக்கு, ஸ்கேன் பண்ணி மெயில் அனுப்புற ஜெராக்ஸ் மெஷினும் அதே கதைதான், அந்த ரெண்டுலயும் பழைய ஐடியும் பாஸ்வேர்டும் எங்கயோ இருக்கும், அதையும் மாத்தினதுக்கு அப்புறமா பழைய ஐடியை க்ளோஸ் பண்ணச் சொல்லுங்க.