மலப் பரிசோதனையில் ஈஸ்ட் என்று வந்தால் அதை அழித்தே ஆக வேண்டுமா? நம் நோயெதிர்ப்பு மண்டலம் அதை ஏன் விட்டுவைக்கிறது?

கேட்டவரின் அறிக்கையில் 'ஈஸ்ட் செல்கள்: சில' என்று ஒரு வரி வந்திருக்கிறது. எச்சில் தண்ணீரில் நூலாக இறங்கினால் குடலில் ஈஸ்ட் பெருகிவிட்டது என்று சொல்லும் காணொளியை யாரோ அனுப்ப, அதைப் பார்த்துவிட்டு, காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரில் எச்சில் துப்பிப் பார்த்திருக்கிறார். அது நூல் நூலாக இறங்கியதாம். அன்று முதல் சர்க்கரை, பழம், இட்லி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாராம்.

அப்படிப்பட்ட வரிகளை அறிக்கையில் எழுதுவதுதான் என் பிழைப்பு. நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: இட்லியைச் சாப்பிடுங்கள். எச்சில் யாருடையதாக இருந்தாலும் டம்ளரில் நூலாக இறங்கக்கூடியதுதான்.

நலமாக நடமாடும் பலரின் குடலில் கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்ற ஈஸ்ட், அதாவது ஒற்றைச் செல் பூஞ்சை, குடியிருக்கிறது. (இரண்டு சொல்லுமே லத்தீனில் வெண்மையைக் குறிப்பவை. பெயர் வைத்தவர்களுக்கு ஒரு வெள்ளை போதவில்லை.) எண்ணிக்கையில் பாக்டீரியாவுக்கு முன் இது கடுகளவு, உருவத்தில் பல மடங்கு பெரியது. நுண்ணோக்கியில் சிவப்பணுவைப் போலவே தெரிவதால், வேலைக்குப் புதிதாக வருபவர்கள் ஏமாந்து 'ரத்த அணுக்கள்' என்று எழுதப் போவார்கள். "பக்கத்தில் குட்டி மொட்டு ஒட்டியிருக்கிறதா பார்" என்பேன். மொட்டு இருந்தால் ஈஸ்ட்.

இது கேண்டிடா ஆல்பிகன்ஸ்தானா என்று கண்டுபிடிக்க ஒரு பழைய சோதனை உண்டு. அரை மில்லி சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) ஈஸ்ட்டைத் துளி தொட்டுக் கலக்கி, 37 டிகிரியில் வைத்துவிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து ஒரு சொட்டை ஸ்லைடில் எடுத்துப் பார்ப்போம். உருண்டையாகப் போனது முளைகட்டிய பாசிப்பயறு போல வால் விட்டிருக்கும். அந்த வால் புறப்படும் இடத்தில் ஒடுக்கம் இருக்கக் கூடாது. இருந்தால் பெரும்பாலும் வேறு இனம். மதியச் சாப்பாட்டுக்கு முன் வைத்துவிட்டு வந்து பார்ப்பது வழக்கம். எத்தனை முறை பார்த்தாலும் அந்த வால் எனக்கு அலுக்கவில்லை.

ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதிலே அந்த வாலில்தான் இருக்கிறது. நம் நோயெதிர்ப்பு மண்டலமும் ஏறக்குறைய இதே சோதனையைத்தான் குடலுக்குள் இரவும் பகலும் நடத்திக்கொண்டிருக்கிறது. உருண்டையாக இருக்கும்வரை பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறது. நூலாக நீளத் தொடங்கினால் பிடித்துக்கொள்கிறது.

ஈஸ்ட்டின் சுவரில் பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. நம் வெள்ளணுக்கள் சிலவற்றின் மேல் அதைப் பிடிப்பதற்கென்றே டெக்டின்-1 என்ற ஏற்பி உண்டு. ஈஸ்ட்டும் லேசுப்பட்டதல்ல, அந்தச் சங்கிலியின் மேல் மன்னான் என்ற போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறது. நூலாக மாறும்போது வேறொரு சிக்கல் வருகிறது. அப்போது அது கேண்டிடாலைசின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. வெறும் 31 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தத் துண்டு, குடல் சுவர்ச் செல்லின் சவ்வில் ஓட்டை போட்டுவிடும். இப்படி ஒரு நஞ்சு இருப்பதே 2016-இல்தான் தெரியவந்தது. ஓட்டை விழுந்த செல் அபாய மணி அடிக்கிறது; ஐ.எல்-17 என்ற சமிக்ஞை மூலம் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் வருகின்றன, கிருமியைக் கொல்லும் புரதங்கள் சுரக்கின்றன. குடலில் ஊறும் ஐ.ஜி.ஏ எதிர்ப்புரதமும் நூல் வடிவத்தில் தோன்றும் ஒட்டுப்புரதங்களையே குறிவைக்கிறது என்று 2021-இல் எலிகளை வைத்துக் காட்டினார்கள். அதனால் உருண்டை வடிவ ஈஸ்ட்டுக்கும் லாபமாம்: சண்டைக்காரன் வெளியேறியதும் அமைதியானவன் குடியிருக்கிறான்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் எழுத வசதியாக இருந்திருக்கும். ஆனால் 2024-இல் வந்த ஓர் ஆய்வின்படி, அதே கேண்டிடாலைசின்தான் பாக்டீரியாக்களுக்கு நடுவே இடம்பிடிக்கவும் ஈஸ்ட்டுக்கு உதவுகிறது. ஆக, நூலாவதை முழுக்க ரவுடித்தனம் என்றும் சொல்லிவிட முடியாது. அதன் குடித்தனத்திலேயே கொஞ்சம் முரட்டுத்தனம் கலந்திருக்கிறது.

இந்தக் காவல் தளரும்போது என்ன நடக்கும் என்பதை ஆய்வகத்தில் இரண்டு விதமாகப் பார்க்கிறோம். எச்.ஐ.வி. முற்றி, டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் குறைந்துபோனவர்களுக்கு நாக்கிலும் தொண்டையிலும் தயிர் அப்பியது போல வெள்ளைப் படலம் வரும். ஆனால் அந்த ஈஸ்ட் ரத்தத்துக்குள் அவ்வளவாக இறங்காது. கீமோதெரபியால் நியூட்ரோஃபில்கள் தீர்ந்துபோனவர்களுக்கோ ரத்தத்தை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரிலேயே முளைக்கும். உள்தோலைக் காப்பது டி செல்கள், ரத்தத்தைக் காப்பது நியூட்ரோஃபில்கள் என்று ஒரு வேலைப் பிரிவினை இருப்பது இதிலிருந்தே தெரிகிறது. ஐ.எல்-17-ஐத் தடுக்கும் செக்யூகினுமாப், சோரியாசிஸ் என்ற தோல் நோய்க்கு நல்ல மருந்து. க்ரோன் நோய் என்ற குடல் அழற்சிக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். 2012-இல் முடிவு வெளிவந்தது: பலன் இல்லை, சிலருக்கு நோய் கூடியது, பூஞ்சைத் தொற்றும் வந்தது. எரிச்சலைக் கிளப்புகிறது என்று நினைத்த சமிக்ஞைதான் குடலில் காவலும் காத்துக்கொண்டிருந்தது.

எல்லா ஈஸ்ட்டும் தொல்லை தருவதில்லை. 1920-களில் இந்தோசீனாவில் (இன்றைய வியட்நாம், லாவோஸ், கம்போடியா) காலரா பரவியபோது, லிச்சி, மங்குஸ்தான் பழத்தோல்களைக் காய்ச்சிக் குடித்தவர்கள் தப்பியதைப் பார்த்துத்தான் ஹென்றி பௌலார் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்தார். ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து மருத்துவர் எழுதிக்கொடுக்கும் சாக்கரோமைசஸ் பௌலார்டி பாக்கெட் அதுதான். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து ஈஸ்ட்டைத் தொடாது என்பதால் இரண்டையும் ஒன்றாகச் சாப்பிடலாம். ஒரு முக்கிய எச்சரிக்கை: பெரிய ரத்தநாளத்தில் குழாய் போட்டிருக்கும் நோயாளியின் கட்டிலருகே அந்தப் பாக்கெட்டைப் பிரிக்கவே கூடாது. பறக்கும் பொடி குழாய் வழியாக ரத்தத்துக்குப் போய்விடக்கூடும்.

உங்கள் அறிக்கைக்கு வருவோம். மாதிரியை எடுத்து எத்தனை மணி நேரம் கழித்து ஆய்வகத்தில் கொடுத்தீர்கள்? வெயிலில் டப்பாவோடு பஸ்ஸில் சுற்றியிருந்தால் 'சில' என்பது வழியிலேயே பெருகியதாகவும் இருக்கலாம். சமீபத்தில் ஆன்டிபயாடிக் எடுத்திருந்தாலும் ஈஸ்ட் கூடித் தெரியும். போட்டிக்கு பாக்டீரியா இல்லையே. கட்டுக்கடங்காத சர்க்கரை நோய், ஸ்டீராய்டு, கீமோதெரபி, விழுங்கும்போது வலி, நாக்கில் வெள்ளை: இவற்றில் எதுவாவது உண்டென்றால் அறிக்கையோடு மருத்துவரைப் பாருங்கள். எதுவும் இல்லையென்றால், கடையில் நீங்களே பூஞ்சை மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். அடுத்த முறை மாதிரியை எடுத்த கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள்.