சாலை வந்த பிறகும் கிராமத்தினரின் பயணம் ஏன் கடினமாகவே இருக்கிறது?

சாலை அமைத்த பிறகும் கிராமத்தினர் மருத்துவமனைக்கோ வேலைக்கோ செல்ல அல்லல்படுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். சாலை வேறு, போக்குவரத்து வேறு என்பதே அடிப்படைக் காரணம். எல்லாப் பருவங்களிலும் பயன்படும் சாலையிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் வாழும் கிராமப்புற மக்களின் விகிதத்தை, ஐ.நா.வின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் 9.1.1 என்னும் குறியீடு அளக்கிறது. அந்தச் சாலையில் பேருந்து ஓடுகிறதா, கட்டணம் கட்டுப்படியாகுமா என்பதை அது கேட்பதில்லை.

பயணிகள் குறைவாகவும் சிதறியும் வாழும் இடத்தில் பெரிய பேருந்து நட்டத்தில்தான் ஓடும். அந்த நட்டத்தைக் குறைக்க நடைகளைக் குறைத்தால், நேரம் பொருந்தாததால், இருக்கிற பயணிகளும் சொந்த வாகனத்துக்கு மாறிவிட, வண்டி ஓட்ட இயலாத முதியவர்களும் சிறுவர்களுமே நிறுத்தத்தில் மிஞ்சுவார்கள். இந்தச் சுழலை உடைக்க, முன்பதிவுக்கேற்ப வழித்தடத்தை மாற்றிக்கொள்ளும் சிற்றுந்துகள் உதவும். ஆனால் கைபேசிச் செயலியில் மட்டுமே பதிவு செய்ய முடியுமென்றால், மிகவும் தேவைப்படுவோரே விடுபடுவார்கள் (இதைத் திட்டமிடுவோர் எளிதில் மறந்துவிடுகிறார்கள்); தொலைபேசியிலும் பதிவு செய்ய வழி இருக்க வேண்டும். நண்பகலில் சும்மா நிற்கும் பள்ளி வாகனங்களை மருத்துவப் பயணங்களுக்குப் பயன்படுத்துவதும் நல்ல வழியே. எனினும், நடைகளின் எண்ணிக்கையைவிட மாலை வண்டியின் உறுதியையே நான் முதன்மையாகக் கருதுவேன். திரும்பி வர வண்டி கிடைக்குமா என்று தெரியாதவர் காலையில் கிளம்பவே தயங்குவார்.