எட்டுச் சக்கரங்கள் கொண்ட ஏ320: மாடல் விமானம் குறித்த வாசகர் கேள்விகள்

கேள்வி: என் தந்தையார் 1993-இல் பெங்களூரிலிருந்து தில்லிக்கு இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320 விமானத்தில் சென்றார். விமானத்தின் அருகே நின்று அவர் எடுத்துக்கொண்ட படம் இன்றும் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அவருடைய எண்பதாம் ஆண்டு நிறைவுக்கு அந்த விமானத்தையே 1:144 அளவில் (உண்மை அளவில் 144-இல் ஒரு பங்காக) செய்து கொடுக்க நினைக்கிறேன். படத்தில் இறக்கைக்கு அடியில் ஒரு பக்கத்தில் மட்டும் முன்னும் பின்னுமாக நான்கு சக்கரங்கள் இருக்கின்றன. நான் வாங்கிய கிட்டில், அதாவது மாடல் செய்வதற்கான பாகங்கள் அடங்கிய பெட்டியில், பக்கத்துக்கு இரண்டே உள்ளன. எதை நம்புவது?
*– வாசகர், பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்*

பதில்: படத்தை நம்புங்கள், ஐயா. உலகெங்கும் பறக்கும் ஏ320 விமானங்களுக்கு இறக்கையின் கீழ் பக்கத்துக்கு இரண்டு சக்கரங்களே உண்டு. கிட் செய்தவர்களும் அதையே பார்த்துச் செய்திருக்கிறார்கள். ஆனால் 1989 முதல் இந்தியன் ஏர்லைன்ஸ் நேரடியாக வாங்கிய ஏ320 விமானங்களுக்கு, நம் நாட்டின் வலுக்குறைந்த ஓடுபாதைகளில் எடை பரவலாக இறங்க வேண்டும் என்பதற்காக, பக்கத்துக்கு நான்கு சக்கரங்கள் கொண்ட தனி அமைப்பைக் கேட்டுப் பொருத்தச் செய்தார்கள். மூக்குச் சக்கரங்கள் இரண்டையும் சேர்த்தால் மொத்தம் பத்து. உங்கள் தந்தையார் ஏறிய விமானத்தை மற்ற ஏ320-களிலிருந்து பிரித்துக் காட்டும் முதல் அடையாளம் இதுதான் என்பதால், இதை விட்டுவிட்டு வண்ணத்தை மட்டும் சரியாக அடித்துப் பயனில்லை.

இதைச் செய்வது கடினமன்று. கிட்டில் உள்ள சக்கரங்களை அப்படியே இரட்டிப்பாக்க வேண்டாம். நான்கு சக்கர அமைப்பில் இருந்தவை வழக்கமானவற்றைவிடச் சிறியவை. மிஞ்சிப்போன வேறு கிட்களின் பாகங்களிலிருந்து அளவில் சிறிய எட்டுச் சக்கரங்களைத் தேர்ந்தெடுத்து, மெல்லிய பிளாஸ்டிக் குச்சியை முன்பின்னாகச் செல்லும் தண்டாக வைத்து, அதன் இரு முனைகளிலும் இரண்டிரண்டாகப் பொருத்தி, நடுவில் கிட்டின் காலை ஒட்டிவிடலாம். பசை காயும் முன் மாடலைச் சமதளத்தில் நிறுத்தி, எட்டுச் சக்கரங்களும் தரையைத் தொடுகின்றனவா, விமானம் கிடையாக நிற்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது என்ஜின். அந்த விமானங்கள் ஏ320-231 வகையைச் சேர்ந்தவை. அவற்றில் இருந்தது வி2500 என்ஜின். ஏ320-க்குக் கிடைத்த இன்னொரு என்ஜினான சிஎஃப்எம்56-இல் வெளிக்கூடு பாதியில் முடிந்து, உள்ளிருக்கும் சூடான பகுதி பின்னால் தனியே நீண்டு தெரியும். வி2500-இலோ கூடு பின்வரை ஒரே குழாயாக நீண்டு முடியும். உங்கள் பெட்டியில் இருப்பது முதல் வகையானால், ஒட்டும் முன்பே வேறு என்ஜின் தேடுங்கள். ஒட்டிய பிறகு இறக்கையைச் சேதமில்லாமல் பிரிப்பது அரிது. இறக்கை நுனியில் மேலும் கீழும் நீளும் சிறிய அம்பு வடிவத் தகடு இருக்க வேண்டும். மேல்நோக்கி வளைந்த உயரமான ஷார்க்லெட் அக்காலத்தில் கிடையாது.

இவ்வளவுக்கும் தொடக்கம் பதிவெண்தான். படத்தைப் பெரிதாக்கி, உடலின் பின்பகுதியில் 'விடி' என்று தொடங்கும் எழுத்துகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். அது கிடைத்துவிட்டால் அதே பதிவெண் கொண்ட விமானத்தின் மற்றப் படங்களையும், இயன்றவரை 1993-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எடுத்தவற்றையே தேடுங்கள். ஒரே விமானம் பத்தாண்டுகளில் வண்ணமும் ஆன்டெனாவும் மாறியிருக்கும். 2005-இல் அந்நிறுவனம் 'இந்தியன்' என்று பெயர் மாறி, வாலில் கொனார்க் சக்கரத்தை வரைந்தது. உங்களுக்கு வேண்டியது அதற்கு முந்தைய ஆரஞ்சு நிற வால்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் இண்டிகோ விமானம் செய்ய ஏ320 நியோ (புதிய என்ஜின் பொருத்திய பிந்தைய வகை) கிட் வாங்கியிருக்கிறான். 2010-இல் நாங்கள் குடும்பத்துடன் சென்ற விமானமாக அதைச் செய்ய முடியுமா?
*– வாசகி, ஓசூர்*

பதில்: அந்தக் கிட்டில் முடியாது, அம்மா. இண்டிகோ 2006 முதல் வாங்கிய ஏ320-களில் வி2500 என்ஜினும் நுனியில் சிறு தகடும் இருந்தன. ஷார்க்லெட் வந்தது 2013-இல். நியோ வந்தது 2016-இல். வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது என்று எண்ண வேண்டாம். வி2500-இன் விசிறி விட்டம் சுமார் 1.61 மீட்டர், இண்டிகோவின் முதல் நியோக்களில் இருந்த என்ஜினுக்கு 2.06 மீட்டர். 1:144 அளவில் இது 3 மில்லிமீட்டர் வித்தியாசம். இவ்வளவு சிறிய மாடலில் அது உடனே கண்ணில் படும். ஷார்க்லெட்டால் இறக்கையின் மொத்த அகலமும் 34.1 மீட்டரிலிருந்து 35.8 மீட்டராகிறது, அதாவது மாடலில் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். மகன் இந்தக் கிட்டை நியோவாகவே, 2016-க்குப் பிந்தைய ஒரு பதிவெண்ணுடன் செய்யட்டும். குடும்பம் சென்ற விமானத்துக்குப் பழைய ஏ320 கிட் ஒன்றைப் பின்னர் வாங்கிக் கொடுங்கள். ஒட்டும் முன் பெட்டிப் பாகங்களையும் விமானப் படத்தையும் அருகருகே வைத்து ஒப்பிடும் பழக்கம் அவனுக்கு இந்த வயதிலேயே வரட்டும்.

கேள்வி: 747-400 கிட்டின் இறக்கை நுனிகளை வெட்டிவிட்டால், ஏர் இந்தியாவின் பழைய 747-200 ஆகிவிடுமா?
*– வாசகர், காவேரிப்பட்டணம்*

பதில்: ஆகாது. 400-இன் மாடித்தளம் மிக நீளமானது; 200-இல் அது விமானி அறைக்குப் பின்னால் சற்றுத் தொலைவிலேயே இறங்கிவிடும். இறக்கை அகலமும் 64.4 மீட்டருக்கு எதிராக 59.6 மீட்டர்தான். ஏர் இந்தியாவின் 200-களில் இருந்த ஜேடி9டி என்ஜின்களின் கூடும் வேறு. 200-க்கென்றே வந்த கிட்டைத் தேடுங்கள். கிடைத்த பின் பெரிய வேலை சன்னல்களைச் சுற்றியுள்ள சிவப்பு வளைவுகளில்தான் இருக்கிறது. ராஜஸ்தான் ஜரோக்கா மாடங்களைப் போன்ற அவற்றைத் தூரிகையால் வரைய முயல வேண்டாம். ஒட்டுப்படமாக வாங்கி, முன்கதவிலிருந்து தொடங்கிச் சிறு துண்டுகளாக ஒட்டுங்கள். அந்த 747-களுக்குப் பேரரசர்களின் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். ராஜேந்திர சோழன் பெயரிலும் ஒன்று பறந்தது. எந்தப் பெயரைத் தேர்ந்தாலும், அதற்குரிய பதிவெண்ணைத்தான் பின்னால் ஒட்ட வேண்டும்.