தாத்தாவின் சங்கும் 61 கீகளும்

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் தாத்தா அந்தக் காலத்தில் சங்கு குளிக்கப் போனவர். அவர் வைத்திருந்த ஊதுசங்கு ஒன்று வீட்டில் இருக்கிறது. கடற்கரையில் அப்பாவை ஊதச் சொல்லி போனிலேயே பதிவு செய்தேன். அதை டீசென்ட் சாம்ப்ளரில் (பதிந்த ஒலியைக் கீபோர்டில் வாசிக்க வைக்கும் மென்பொருள்) போட்டு கீபோர்டின் 61 கீக்கும் விரித்துவிட்டேன். நடுவில் ஒன்றிரண்டு கீ நன்றாக இருக்கிறது. மேலே போனால் கொசு, கீழே போனால் லாரி ஹாரன். கீயை அழுத்திப் பிடித்தால் சுற்றுக்கு ஒரு தடவை ‘டக்’ என்கிறது. நல்ல மைக் வாங்கினால் சரியாகுமா?

கே., தங்கச்சிமடம்

அன்புள்ள கே.,

மைக் இப்போது வேண்டாம், காசைப் பத்திரமாக வையுங்கள். நன்றாக இருக்கிறது என்று சொன்னீர்களே ஒன்றிரண்டு கீ, தாத்தாவின் சங்கு அவ்வளவுதான். மற்றதெல்லாம் சாம்ப்ளர் போட்ட கணக்கு.

பழைய டேப்பை வேகமாக ஓட்டினால் குரல் கீச்சென்று ஆகுமில்லையா, சாம்ப்ளர் செய்வதும் அதேதான். ஒரு அரைச்சுரம், அதாவது அடுத்த கீ அளவு, ஏற்ற சுமார் 6 சதவீதம் வேகம் கூட்டுகிறது. ஒரு ஆக்டேவ், அதாவது பன்னிரண்டு அரைச்சுரம், ஏறினால் இரண்டு மடங்கு. உங்கள் கீபோர்டில் நடுவிலிருந்து மேல் கோடிக்கு இரண்டரை ஆக்டேவ். அங்கே போகும்போது வேகம் ஐந்தரை மடங்கைத் தாண்டிவிடும். அப்பா 4 விநாடி ஊதியது முக்கால் விநாடிக்குள் முடிந்துவிடும். சுரம் மட்டும் ஏறுவதில்லை, மூச்சின் இரைச்சல், ஊதலின் நடுக்கம், சங்கின் உள்கூடு எல்லாம் சேர்ந்து சுருங்குகின்றன. காதுக்கு அது சுண்டுவிரல் அளவு சங்கு. கீழே போனால் வள்ளம் அளவு சங்கு. கொசுவும் லாரியும் அப்படி வந்தவைதான்.

அதனால் ஒரு பதிவை அதன் ரூட் கீயிலிருந்து (பதிவு அதன் சொந்த வேகத்தில் ஒலிக்கும் கீ) மேலே மூன்று, கீழே மூன்று அரைச்சுரம் வரை நீட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அப்படியும் ஏழு கீதான் ஆயிற்று. மிச்சத்துக்கு வேறு சங்குகள் வேண்டும். நீங்கள் இருக்கும் இடத்தில் அது ஒரு கஷ்டமா? ராமேஸ்வரம் கோயில் கடைத்தெருவுக்குப் போங்கள். போனில் சுரம் காட்டும் டியூனர் ஆப் ஒன்று போட்டுக்கொண்டு, கடைக்காரரிடம் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக ஊதிப் பாருங்கள். பெரிய சங்கு கீழ்ச்சுரம், சின்னது மேல்ச்சுரம். நாலைந்து அரைச்சுர இடைவெளியில் மூன்று சங்கு கிடைத்தால் கிட்டத்தட்ட ஒன்றரை ஆக்டேவ் கைக்கு வந்துவிடும். இந்தக் கரையில் எடுத்த சங்கு எவ்வளவோ வங்காளத்துக்கு வளையலாகப் போயிருக்கிறது, நாம் மூன்றை கீபோர்டில் ஏற்றினால் குறைந்துபோகாது. நன்றாக ஊதுகிறவர் உதட்டை இறுக்கினால் அதே சங்கில் மேலே இன்னொரு சுரம் பிடிப்பார். அப்பாவுக்கு வருமா என்று கேளுங்கள். வந்தால் அதைத் தனியாகப் பதிவு செய்து அதற்கென்று ஒரு ரூட் கீ கொடுங்கள். எதுவும் எட்டாத கீகள் சும்மா கிடக்கட்டும். 61 கீயிலும் சத்தம் வந்தே ஆகவேண்டும் என்ற ஆசைதான் எனக்குத் தெரிந்து பாதி இசைக்கருவிகளைக் கெடுக்கிறது.

இனி அந்த ‘டக்’. பிடித்து வைத்த சுரம் நீள்வதற்காக சாம்ப்ளர் பதிவின் ஒரு துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறது, அதுதான் லூப். துண்டு முடிகிற இடத்தில் அலை ஒரு உயரத்தில் இருக்கிறது, தொடங்குகிற இடத்தில் வேறு உயரத்தில் இருக்கிறது. அந்தத் தாவல்தான் ‘டக்’. அலை சுழியைக் கடந்து மேலேறும் புள்ளியில் தொடக்கத்தையும் முடிவையும் வையுங்கள், துண்டுக்குள் முழு அலைகளே இருக்கவேண்டும். சங்கின் சுரம் 300 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 300 அலை என்று வையுங்கள். விநாடிக்கு 44,100 சாம்பிள் (அலையின் உயரத்தை அளந்த புள்ளி) வீதத்தில் பதிந்திருந்தால் ஒரு அலைக்குச் சரியாக 147 சாம்பிள். அந்த ஒரே அலையைச் சுற்றவிட்டால் டக் வராது, ஆனால் சங்கு செத்து பஸ்ஸர் ஆகிவிடும். ஒன்றிரண்டு விநாடி நீளம் எடுத்து, முனையில் கொஞ்சம் கிராஸ்ஃபேட் (முடிவு மங்க மங்கத் தொடக்கம் எழுவது) கொடுங்கள். எந்த இடத்திலிருந்து எடுப்பது என்பதுதான் முக்கியம். ஊதலின் முதல் அரை விநாடி சுரத்துக்குக் கீழே தொடங்கி வழுக்கி ஏறும், கடைசியில் மூச்சு தளரும். இரண்டுக்கும் நடுவே நிலைத்து நிற்கிற பகுதிதான் லூப்புக்கு. வழுக்கல் லூப்புக்குள் வந்துவிட்டால் சுற்றுக்கு ஒரு தடவை ஊளையிடும்.

வேலாசிட்டிக்கும், அதாவது கீயை அடிக்கும் வேகத்துக்கும், ஒரு வார்த்தை. பலமாக ஊதினால் சத்தம் கூடுவதோடு சங்கின் நிறமே மாறும், காரம் ஏறும். மெதுவாக, நடுத்தரமாக, பலமாக என்று மூன்று அடுக்கு பதிவு செய்து 1-50, 51-95, 96-127 என்று பிரித்துப் போடுங்கள். மூன்றையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து நார்மலைஸ் செய்துவிடாதீர்கள். நான் செய்தேன், மெல்ல அழுத்தினாலும் கோயில் திருவிழாதான்.

கடற்கரையில் பதிந்தது வேறு வம்பு. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நம் பக்கம் அது ஓயாது, போன் மைக்கில் குமுறலாக விழும். வீட்டுக்குள், இரவில், மின்விசிறியை நிறுத்தி, சுவரில் மெத்தையைச் சாய்த்து வைத்துப் பதியுங்கள். குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்துங்கள். என் முதல் சங்கில் அதன் ரீங்காரம் லேசாக இருந்தது. தனியாகக் கேட்டபோது காதில் படவே இல்லை. நான்கு கீயைச் சேர்த்து அழுத்தியதும் நான்கு குளிர்சாதனப் பெட்டிகள் நான்கு சுரத்தில் பாடின. பொண்டாட்டி எட்டிப் பார்த்து, “இதுதான் சங்கா?” என்றாள்.

டியூனிங்கில் ஒவ்வொரு சங்கையும் சென்ட் கணக்கில் சரிசெய்யலாம், ஒரு அரைச்சுரத்துக்கு 100 சென்ட். நான் ஐந்தாறு சென்ட் பிசகை அப்படியே விட்டுவிடுவேன், அது என் ருசி. ஒரே சுரத்தை அடுத்தடுத்து அடித்தால் இயந்திரம் மாதிரி கேட்கும். அதற்கு ஒவ்வொரு சுரத்தையும் இரண்டு மூன்று தடவை ஊதவைத்து ரவுண்ட் ராபினில், அதாவது முறைவைத்து மாறிமாறி ஒலிக்கும்படி, போடுங்கள்.

அப்புறம் ஒன்று. ஊதுவதற்கு முன் அப்பா மூச்சு இழுக்கிற சத்தம் பதிவில் விழுந்திருக்கும். முன்பகுதியை வெட்டாவிட்டால் கீயை அழுத்திக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சுரம் வரும், அதனால் வெட்டத்தான் வேண்டும். வெட்டியதை அழிக்காமல் தனி ஃபைலாக வைத்து, சும்மா கிடக்கும் கீழ்க்கோடி சி-யில் போடுங்கள். வாசிக்கும்போது இடது கைச் சுண்டுவிரலால் முதலில் அதைத் தொடுங்கள், அப்புறம் சங்கு.